சின்னப்பர்: துரத்தியவர் திரும்பி வந்த கதை

அம்மம்மா பவுல் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. அவருக்கு அவர் சின்னப்பர். பேதுரு இராயப்பர், யோவான் அருளப்பர், யாக்கோபு யாகப்பர், ஸ்தேவான் முடியப்பர். பாடசாலையில் சமய பாடத்தில் பவுலைப் படித்துவிட்டு வந்து, இவரும் சின்னப்பரும் கூட்டாளிகளா என்று நான் கேட்டதை வீட்டில் கனகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். கிரேக்கத்தில் ஸ்தேபானோஸ் என்றால் முடி, அதாவது கிரீடம். அந்தக் காலத்துக் குருமார் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

சின்னப்பர், முடியப்பர் என்ற இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. ஒருவர் கல்லெறிந்து கொல்லப்பட்டவர். மற்றவர் அந்தக் கொலைக்குச் சம்மதித்து அருகில் நின்றவர். இன்று இருவரும் ஒரே பீடத்தில் புனிதர்கள்.

யாழ்ப்பாணத்தில் நவாலித் தேவாலயம் பேதுரு, பவுல் இருவரின் பெயரையும் தாங்கியது. இருவரின் திருநாள் ஜூன் 29. 1995ஆம் ஆண்டு அந்தத் திருநாள் கழிந்து பத்தாம் நாள், ஜூலை 9 அன்று, இடம்பெயர்ந்து வந்து அங்கே தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு ஜூலையும் அந்த நினைவேந்தல் செய்தியை வாசிக்கும்போது என் மனம் சின்னப்பரிடம் போய் நிற்கும். தன் வாழ்வின் முற்பகுதியில் அவர் ஓடியவர்களோடு இருந்தவரல்லர். ஓட ஓட விரட்டியவர். விரட்டியவன் மாறிவிட்டான் என்றால், விரட்டப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? நல்லிணக்கம், மன்னிப்பு என்ற சொற்கள் நம் நாட்டில் மேடைக்கு மேடை மலிந்துவிட்டன. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த ஒரு கேள்வியோடு அவருடைய வாழ்வை வாசித்துப் பார்க்கிறேன்.

அவர் பிறந்தது தர்சு நகரில். இன்றைய துருக்கியின் தென்கரையில், சிலிசியா என்று அழைக்கப்பட்ட நாட்டில் அது இருந்தது. கிரேக்கக் கல்விக்குப் பெயர்போன பட்டினம். யூதப் பெற்றோர், பென்யமின் குலம், பரிசேயக் கட்டுப்பாடு. வீட்டில் சவுல் என்ற எபிரேயப் பெயர். உரோமைக் குடியுரிமை பிறப்பிலேயே வந்தது என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அந்தக் காலத்தில் அது இலேசான விடயமல்ல. விசாரணையில்லாமல் சவுக்கடியில்லை, சிலுவைச் சாவில்லை, தேவைப்பட்டால் பேரரசரிடமே மேன்முறையீடு செய்யலாம். கைத்தொழில் கூடாரம் செய்வது. எருசலேமில் கமாலியேல் என்ற பேர்பெற்ற ஆசிரியரிடம் படித்ததாகவும் அதே நூல் சொல்கிறது.

இயேசுவை அவர் உயிரோடு கண்டவரல்லர். அவர் கண்டது இயேசுவின் பெயரால் எருசலேமில் கூடிய சிறு கூட்டத்தை. அந்தக் கூட்டத்தில் பந்தி பரிமாறவும் விதவைகளைக் கவனிக்கவும் ஏழு பேரைத் தெரிவு செய்திருந்தார்கள். பட்டியலில் முதற்பெயர் ஸ்தேவான், இரண்டாவது பெயர் பிலிப்பு. இந்தப் பிலிப்புவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். மீண்டும் வருவார்.

ஸ்தேவானைத் தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தினார்கள். பிறகு நகருக்கு வெளியே இழுத்துக்கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள். கல் எறிய வசதியாக மேலாடைகளைக் கழற்றி ஓர் இளைஞனின் காலடியில் வைத்தார்கள். பவுல் நமக்கு முதன்முதலில் அறிமுகமாவது அப்படித்தான், பிறருடைய உடுப்புக்குக் காவலாக. அவர் கையில் கல் இருந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தக் கொலைக்கு அவர் உடன்பட்டிருந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. நேரில் கை வைக்காமல் ஒரு கொலையில் பங்கெடுப்பது எப்படி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எழுத்தை நான் வாசித்ததில்லை.

அதன்பின் அவர் வெறும் காவலாளியாக இருக்கவில்லை. வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தார். எருசலேமில் இருந்த விசுவாசிகள் யூதேயாவுக்கும் சமாரியாவுக்கும் சிதறி ஓடினார்கள். ஓடியவர்களில் பிலிப்புவும் ஒருவர். ஓடியவர்களையும் விடுவதற்கு சவுலுக்கு மனமில்லை. தலைமைக் குருவிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, வடக்கே தமஸ்கு நகரில் ஒளிந்திருப்பவர்களைக் கட்டி இழுத்து வரப் புறப்பட்டார்.

வழியில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஒளி, விழுதல், ஒரு குரல், பார்வையிழப்பு. குதிரை மட்டும் அந்தக் கதையில் கிடையாது. உரோமையில் சாந்தா மரியா தெல் போப்போலோ ஆலயத்தில் தொங்கும் கரவாஜ்ஜோவின் ஓவியத்தில் பாதிக்கு மேல் குதிரைதான் நிற்கிறது. அப்படிப்பட்ட ஓவியங்கள் வழியாகக் குதிரை நம் மனதில் ஏறிவிட்டது. அதேபோல் அந்த இடத்திலேயே சவுல் பவுலாகப் பெயர் மாற்றிக்கொண்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். அதுவும் இல்லை. நூலில் அவர் அதன்பிறகும் சவுலாகத்தான் வருகிறார். சைப்பிரசில் உரோமை ஆளுநரைச் சந்திக்கும் கட்டத்தில்தான் பவுல் என்ற பெயர் முதலில் வருகிறது. யூதர்களிடையே ஒரு பெயர், உரோமையரிடையே ஒரு பெயர். அவ்வளவுதான்.

என்னை நிறுத்தி வைப்பது ஒளியல்ல, அனனியா. தமஸ்கு நகரில் நேர்த்தெரு என்ற தெரு இன்றும் பழைய நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகிறது. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சவுல் மூன்று நாட்களாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், கண் தெரியாமல் கிடந்தார். அனனியா அந்த ஊர் விசுவாசி. சவுல் பிடித்துப்போக வந்த பட்டியலில் இருந்திருக்கக்கூடியவர். போய் அந்த ஆளின் தலையில் கை வை என்று காட்சியில் கட்டளை வந்தபோது, அவர் உடனே ஆமென் சொல்லவில்லை. இந்த ஆள் எருசலேமில் செய்த அநியாயங்களைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் பிடிப்பதற்கு அதிகாரத்தோடு வந்திருக்கிறான் என்று கடவுளுக்கே நினைவூட்டினார். அந்தத் தயக்கத்தை எழுதியவர் மறைக்காமல் விட்டதற்கு நான் நன்றியுள்ளவன். பிறகு அனனியா போனார். கை வைத்தார். சகோதரன் என்று கூப்பிட்டார். இதன்பின் அனனியாவின் கதை இல்லை. பிற்காலத்தில் பவுல் அந்த நாளை நினைவுகூரும்போது பெயர் ஒரு தடவை வருகிறது, அதோடு சரி.

எருசலேம் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் தன் காலக்கணக்கைத் தானே தருகிறார். முதலில் அரேபியாவுக்குப் போனார். பின் தமஸ்குவுக்குத் திரும்பினார். மூன்று ஆண்டுகளின் பின்தான் எருசலேம் வந்து பேதுருவுடன் பதினைந்து நாட்கள் தங்கினார். தமஸ்குவை விட்டு அவர் வெளியேறிய விதமும் வேடிக்கை. அரேத்தா அரசனின் ஆளுநர் நகரைக் காவல் காக்க, மதிலில் இருந்த சாளரம் வழியாகக் கூடையில் வைத்து இறக்கினார்கள். பிடிக்க வந்தவர் கூடையில் தப்பிப் போனார்.

எருசலேமில் சீடர்கள் அவரை நம்பவில்லை. அஞ்சி ஒதுங்கினார்கள். ஒட்டுக்கேட்க வந்தவனோ, வேடமோ என்று யார் கண்டது? அப்போது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் பர்னபா. சைப்பிரசில் பிறந்த லேவியர், தன் காணியை விற்றுக் காசைப் பொது நிதிக்குக் கொடுத்தவர். ஊருக்குள் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பிணையாக வைத்து இன்னொருவருக்காக நின்றார். சில காலத்தின் பின் தர்சுவுக்கே போய்த் தேடிப் பவுலை அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவரும் இவரே. பர்னபா இல்லாவிட்டால் நாம் இன்று பேசும் பவுல் இல்லை என்பது என் துணிபு. இதே இரண்டு பேரும் பின்னர் மாற்கு என்ற இளைஞனைப் பயணத்தில் சேர்ப்பதா விடுவதா என்று சண்டை பிடித்துப் பிரிந்தார்கள். பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவனுக்கு இரண்டாம் வாய்ப்புத் தர பர்னபா விரும்பினார். பவுல் மறுத்தார். தனக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு யாரால் கிடைத்தது என்பது அந்த நேரம் அவருக்கு மறந்துபோனது போலும்.

அவருடைய பயணங்களை ஊர் ஊராக எழுதினால் கட்டுரை முடியாது. சைப்பிரஸ், கலாத்தியா, மாசிதோனியா, ஏதென்ஸ், கொரிந்து, எபேசு. பெரும்பாலும் கால்நடை, மிச்சம் கப்பல். லிஸ்திராவில் முதலில் அவரைத் தெய்வம் என்றார்கள், பிறகு கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். ஸ்தேவானுக்கு நடந்தது அவருக்கும் நடந்தது. அவர் எழும்பி மீண்டும் அதே ஊருக்குள் போனார். ஐந்து தடவை முப்பத்தொன்பது அடி, மூன்று தடவை பிரம்படி, மூன்று தடவை கப்பல் சேதம் என்று கொரிந்தியருக்கு அவரே கணக்குக் காட்டுகிறார். அந்தத் திருமுகம் எழுதும்போது மால்டாக் கடல் இன்னும் அவருக்கு முன்னால் இருந்தது.

கொரிந்தில் ஒன்றரை ஆண்டு இருந்தார். குளோதியு பேரரசர் யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியதால் அகதிகளாக வந்திருந்த அக்கிலா, பிரிஸ்கா என்ற தம்பதியர் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார். அங்கே கல்லியோன் என்ற ஆளுநர் முன் வழக்கு வந்தது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றில் அந்தக் கல்லியோனின் பெயர் இருப்பதால், கி.பி. 51, 52ஐ ஒட்டிய காலம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பவுலின் வாழ்வில் ஆண்டைக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் தெசலோனிக்கருக்கு எழுதினார். நற்செய்தி நூல்கள் எதுவும் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் பெயரில் உள்ள பதின்மூன்று திருமுகங்களில் ஏழு அவருடையவை என்பதில் ஆய்வாளரிடையே பெரிதாக வாதமில்லை.

பவுலைப் பற்றி எனக்கு மனத்தாங்கல்களும் உண்டு. ஒனேசிமு என்ற அடிமையை அவனுடைய எசமான் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அடிமையாக ஏற்காதே, சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் உனக்கு ஏதும் கடன்பட்டிருந்தால் நான் தருகிறேன் என்று கைப்பட எழுதினார். அழகான கடிதம். அடிமை முறை தவறு என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. பிற்காலத்து எசமான்கள் அந்த இல்லாத வரியைத் தங்களுக்கு வசதியாக்கிக்கொண்டார்கள். பெண்கள் பற்றியும் இப்படியே. சபையில் பெண்கள் பேசக்கூடாது என்ற வரிகளை அவர் பெயரால் இன்றுவரை காட்டுகிறார்கள். ஆனால் உரோமையருக்கான திருமுகத்தில் அவர் முதலில் பரிந்துரைப்பது கெங்கிரேயாத் திருச்சபையின் பெயிபா என்ற பெண்ணை. அந்தத் திருமுகத்தையே அவர்தான் உரோமைக்குக் கொண்டுபோனார் என்று கருதப்படுகிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். விருத்தசேதனம் செய்யாத பிற இனத்தவரையும் அப்படியே சேர்க்கலாமா என்ற பெரிய வாக்குவாதத்துக்காகப் பவுல் எருசலேம் போனபோது, யாக்கோபும் பேதுருவும் யோவானும் கைகொடுத்துச் சம்மதித்தார்கள். ஒன்றை மட்டும் கேட்டார்கள். இங்குள்ள ஏழைகளை மறக்க வேண்டாம் என்றார்கள். அதைச் செய்யத் தானும் ஆவலாக இருந்ததாகப் பவுல் எழுதுகிறார்.

அந்த ஏழைகள் யார்? எருசலேம் திருச்சபையின் ஏழைகள். பவுல் வீடு வீடாகப் புகுந்து இழுத்துப்போன அதே சமூகம். அதன்பின் வருடக்கணக்காக அவர் காசு சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் இயன்றதை எடுத்து வைக்கும்படி கொரிந்தியருக்குச் சொன்னார். தாங்களே வறுமையில் இருந்த மாசிதோனியர் சக்திக்கு மீறிக் கொடுத்ததைச் சொல்லிக் கொரிந்தியருக்கு ரோசம் ஏற்றினார். காசு விடயத்தில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று, திருச்சபைகள் தெரிவு செய்த ஆட்களையும் கூடவே கொண்டுபோனார். நிதி சேர்க்கும் நம்மவர் அமைப்புகள் வாசிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

இது பரிகாரம் என்று அவர் எங்கும் எழுதவில்லை. யூதர்களிடமிருந்து ஆன்மிக நன்மை பெற்ற பிற இனத்தவர் பொருளால் பதில் செய்வது கடமை என்றுதான் விளக்குகிறார். தான் திருச்சபையைத் துன்புறுத்தியதை மூன்று திருமுகங்களில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார், அதனால் திருத்தூதர் என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்றும் சொல்கிறார். ஆனால் ஸ்தேவானின் பெயர் எந்தத் திருமுகத்திலும் இல்லை. சிறையில் அடைத்த ஒரு பெண்ணின் பெயர், ஓர் ஆணின் பெயர், இல்லை. எனினும் உரோமையருக்கு எழுதும்போது, இந்த உதவியை எருசலேம் மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று மன்றாடும்படி கேட்கிறார். கொடுப்பவன் ஏன் அப்படிப் பயப்பட வேண்டும்? அந்த வரியில் ஒரு பழைய நடுக்கம் இருப்பதாக நான் வாசிக்கிறேன். அது என் வாசிப்பு.

போகும் வழியில் செசரியாவில் இறங்கினார்கள். தங்கியது யார் வீட்டில் தெரியுமா? பிலிப்புவின் வீட்டில். ஸ்தேவானோடு தெரிவான ஏழு பேரில் ஒருவர், ஸ்தேவானின் சாவுக்குப் பிறகு எருசலேமை விட்டு ஓட வேண்டியிருந்தவர். கடைசியில் இந்தத் துறைமுகப் பட்டினத்தில் குடியேறி, இறைவாக்கு உரைக்கும் நான்கு பெண்பிள்ளைகளோடு வாழ்ந்தார். தன்னை விரட்டிய மனிதனுக்குக் கதவைத் திறந்து, பல நாட்கள் இருக்க இடம் கொடுத்தார். இதை எழுதியவர் நாங்கள் என்ற தன்மைப் பன்மையில் எழுதுகிறார், அந்த வீட்டில் தானும் இருந்தவர்போல. அப்படியிருந்தும் சாப்பாட்டு வேளையில் அந்த இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல் இல்லை. ஸ்தேவானைப் பற்றிப் பேச்சு வந்ததா? யார் முதலில் எடுத்தார்கள்? அல்லது, நம் ஊர்களில் நடப்பதைப்போல, எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்களா? விவிலியம் முழுவதிலும் ஓர் இரவு அருகில் நின்று கேட்கக் கிடைத்தால் அந்த வீட்டு இரவைத்தான் கேட்பேன்.

அந்த வீட்டிலேயே அகபு என்ற இறைவாக்கினர் பவுலின் இடைக்கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக் காட்டினார். எருசலேமில் உனக்கு இதுதான் என்றார். எல்லோரும் அழுது தடுத்தார்கள். பவுல் கேட்கவில்லை. காசை வேறு ஆட்களிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம், ஆட்கள் கூடவே இருந்தார்கள். தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை நான் சாதாரணமாக எடுக்கவில்லை.

எருசலேமில் சகோதரர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றதாக நூல் சொல்கிறது. காசை வாங்கிக்கொண்டார்களா என்பதைச் சொல்லவில்லை. சில நாட்களில் கோவிலில் கலவரம். எபேசுவைச் சேர்ந்த துரோப்பிம் என்ற கிரேக்கரை உட்பிரகாரத்துக்குள் கூட்டிவந்துவிட்டார் என்ற பழி. பிற இனத்தவர் தாண்டினால் மரணம் என்று எச்சரிக்கும் அந்தக் கோவிலின் கல் ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. உரோமைப் படைத்தலைவன் கூட்டத்திடமிருந்து பவுலை மீட்டுக் கோட்டைக்குக் கொண்டுபோனான். கோட்டைப் படியில் நின்று, கைவிலங்கோடு, அவர் அந்தக் கூட்டத்திடம் பேசினார். அங்கேதான் அந்தப் பெயரைச் சொன்னார். ஸ்தேவானின் இரத்தம் சிந்தப்பட்டபோது தானும் அருகில் நின்றதையும், கொன்றவர்களின் ஆடைகளைக் காத்ததையும், அதே நகரில் பகிரங்கமாகச் சொன்னார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன்பிறகு அவர் சுதந்திர மனிதனாக நடந்ததை நாம் காண்பதில்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் அவரைக் கொல்லச் சபதமெடுத்த செய்தியைச் சகோதரியின் மகன் கொண்டுவர, இரவோடிரவாகச் செசரியாவுக்கு மாற்றினார்கள். பேலிக்சு என்ற ஆளுநர், இலஞ்சம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து இரண்டு ஆண்டுகள் தீர்ப்பில்லாமல் வைத்திருந்தான். வழக்கில்லாத தடுப்புக்காவல் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தத் தடுப்புக்காவலில் நண்பர்கள் வந்து பார்க்க அனுமதி இருந்தது. பிலிப்புவின் வீடு அதே ஊரில்தான்.

அடுத்த ஆளுநரிடம் பவுல் பேரரசரிடம் மேன்முறையீடு செய்தார். 276 பேருடன் போன கப்பல் பதினான்கு இரவுகள் புயலில் அலைந்து மால்டாவில் உடைந்தது. ஒருவரும் சாகவில்லை. உரோமையில் ஒரு படைவீரனின் காவலில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தார் என்பதோடு நூல் முடிகிறது. நீரோவின் காலத்தில் அவர் தலை வெட்டப்பட்டது என்பது திருச்சபையின் மரபு. குடியுரிமை இருந்ததால் சிலுவையில்லை, வாள்.

உரோமை மதிலுக்கு வெளியே, ஒஸ்தியா சாலையில் அவருடைய பேராலயம் இருக்கிறது. பீடத்தின் அடியில் உள்ள கற்பேழையை 2006இல் வெளிப்படுத்தினார்கள். உள்ளே இருந்த எலும்புத் துண்டுகள் முதலாம், இரண்டாம் நூற்றாண்டுக்குரிய ஒருவருடையவை என்று 2009 ஜூனில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் அறிவித்தார். கல்லறையை மூடிய பளிங்குப் பலகையில் திருத்தூதரும் மறைசாட்சியுமான பவுலுக்கு என்று இலத்தீனில் வெட்டியிருக்கிறது. பலகையில் சில துளைகளும் உண்டு. பழைய காலத்தில் யாத்திரிகர்கள் அந்தத் துளை வழியாகத் துணித்துண்டுகளை அவர் இருக்கும் இடம்வரை இறக்கி, தொட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம்.